வானிற் பிரிவு

1

பழைய உரையாசிரியர்கள் தலைவனின் பிரிவைக் காலிற் பிரிவு, கலத்திற் பிரிவு என்று இரண்டாக வகுத்தார்கள். நடந்து போவது ஒன்று, கப்பலேறிப் போவது ஒன்று. கடல்வழிப் பிரிவில் பெண்ணை உடன்கொண்டு போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் விதியும் செய்து வைத்தது. மூன்றாவதாக ஒரு பிரிவு, வானிற் பிரிவு, நம் நாட்டில் கால அட்டவணையோடு தொடங்கித் தொண்ணூறு வருஷங்களுக்கு மேலாகிறது. அதற்கு நூற்பா எழுத யாரும் வரவில்லையே என்று எனக்கு வருத்தமில்லை. அதன் சரித்திரமே நம் எழுத்தாளர்களின் பிரக்ஞையில் பதியாமல் போனது பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும். திருப்பாலைக்குடியை எடுத்துக்கொள்கிறேன். தேவிபட்டினத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாவின் கரையில், மீனும் உப்புமாக இருக்கிற ஊர். பெயரில் உள்ள பாலையை மரமாகக் கொள்வாரும் உண்டு. நெய்தல் கரையில் ஒரு பாலை நிற்கிறது என்பது எனக்குப் போதும். பாலைக்கு உரிய பொருள் பிரிவு. இந்த ஊருக்கு விமான நிலையம் கிடையாது. ஆனால் திருச்சியிலிருந்து கொழும்பின் ரத்மலானைக்கு வரைபடத்தில் அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது திருப்பாலைக்குடிக்குச் சற்றுக் கிழக்கே, கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில், கடலின்மேல் போகும். 1938இல் தபால் விமானங்கள் பறக்கத் தொடங்கிய பாதையை அந்தக் கோடு காட்டுகிறது.

உலகத்தின் மூலைகளுக்குச் சிறு விமானத்தில் போவது என்றவுடன் படித்தவர் மனத்தில் எழுவது ஆப்பிரிக்கா. சஹாரா, கென்யா, விக்டோரியா ஏரி. அப்படி எழுந்ததற்கு ஐரோப்பிய இலக்கியம் காரணம். லண்டனிலிருந்து பார்த்தால் நமது கரையும் அதே மாதிரி ஒரு மூலைதான் என்பதையும், இரண்டு மூலைகளையும் ஒரே தபால்பை இணைத்தது என்பதையும் யாரும் சொல்லித் தரவில்லை.

2

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கடலை மேலிருந்து பார்த்த கண், இந்திய இலக்கியத்தில் மிகப் பழையது. ரகுவம்சத்தின் பதின்மூன்றாம் சர்க்கம் முழுக்க அந்தப் பார்வைதான். போர் முடிந்து புஷ்பகத்தில் திரும்பும் ராமன் கீழே கிடக்கும் கடலையும் சேதுவையும் சீதைக்குக் காட்டிக்கொண்டே போகிறான். கம்பனும் மீட்சிப் படலத்தில் அதே வழியில் அவர்களைக் கொண்டுவருகிறான். தேவிபட்டினக் கடலில் நிற்கும் நவபாஷாணக் கற்களை ராமன் நட்டதாகத் தலபுராணம் சொல்வதால், கீழே நிற்கிற ஊர்களும் அந்தப் பயணத்தோடு உறவு கொண்டாடுகின்றன.

ஆனால் புஷ்பகம் வென்றவனின் வாகனம். எத்தனை பேர் ஏறினாலும் இடம் இருக்கும். மேலிருந்து பார்க்கும்போது நிலம் ஓர் ஓவியமாக விரிவது அதில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டுமே. இந்தக் கண்ணைத்தான் நாம் திரும்பத் திரும்பப் போற்றி வந்திருக்கிறோம்.

தமிழில் இன்னொரு விமானம் இருக்கிறது. சீவகசிந்தாமணியின் மயிற்பொறி. தச்சன் செய்தது, தேவர்கள் தந்ததல்ல. ஒருத்திக்கு மட்டும் இடம். பொறியை வலப்பக்கம் திருகினால் எழும்பும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். சச்சந்தன் அதைச் செய்வித்துத் தன் மனைவி விசயைக்கு ஓட்டப் பழக்குகிறான். கட்டியங்காரன் அரண்மனையை வளைக்கும்போது கருவுற்றிருக்கும் அவளை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போருக்குப் போகிறான். வழியில் பகைவனின் வெற்றி முரசு அவள் காதில் விழுகிறது. கணவன் செத்தான் என்று தெரிந்து மயங்குகிறாள். பொறி தானாகத் தாழ்ந்து சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் பிறப்பது அங்கே.

இதைக் கற்பனைச் சுவை என்றும், பழந்தமிழரின் விமான விஞ்ஞானம் என்றும் இரண்டு கட்சியாகப் பேசித் தீர்த்துவிட்டோம். இரண்டும் வீண். விமானத்தில் இருப்பவள் அகதி, ஓட்டுபவளும் அவளே என்பதும், கீழே கேட்கும் ஒரு சத்தம் மேலே போகிறவளை வீழ்த்திவிடுகிறது என்பதும் யார் கண்ணிலும் படவில்லை. வானிற் பிரிவு என்று ஒரு துறை இருந்தால் அதன் முதல் பாட்டு இதுதான்.

3

இனி நிஜமான விமானங்கள்.

இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சிக்கு 1929இல் வந்துசேர்ந்தது. கராச்சியில் இறங்கிய தபாலைத் தெற்கே கொண்டுவரும் யோசனை நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் ராயல் விமானப்படை விமானியுடையது. அதை ஏற்றுக்கொண்டது டாட்டா கம்பெனி. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தைக் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹூவுக்கு ஓட்டிவந்தார். அங்கிருந்து வின்சென்ட் பெல்லாரியில் இரவு தங்கிச் சென்னைக்குக் கொண்டுபோனார். சுமை சுமார் 25 கிலோ கடிதம். அகமதாபாத்தில் பெட்ரோல் தகர டின்களில் மாட்டுவண்டியில் வந்தது. ஜுஹூவில் ஓடுதளம் என்று ஒன்று இல்லை; கடலோரச் சேற்றுத்தரைதான். மழைக்காலத்தில் அது முழுகிவிடும் என்பதால் பூனாவுக்கு மாறினார்கள். இந்த மாட்டுவண்டியும் சேறும் நம் எழுத்தில் எங்காவது ஒரு படிமமாக வந்திருந்தால், நவீனத்துவம் என்ற சொல்லை நாம் இவ்வளவு அந்தரத்தில் வைத்துப் பேசியிருக்க மாட்டோம்.

அதே சமயம் ஆப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1931 பிப்ரவரியில் இம்பீரியல் ஏர்வேஸ் விக்டோரியா ஏரிக்கரையின் ம்வான்ஸா வரை போனது. 1932இல் கேப் டவுன் வரை. பெரிய விமானம் நிற்கும் இடத்திலிருந்து உள்ளூர்களுக்குப் போக நைரோபியில் புளோரன்ஸ் வில்சன் என்ற விதவைப் பெண் 1929இல் ஆரம்பித்த வில்சன் ஏர்வேஸின் சின்னஞ்சிறு மாத் விமானங்கள் இருந்தன. நைரோபியில் வில்சன் ஏர்வேஸ் செய்த வேலையைத்தான் இங்கே டாட்டா செய்தது. ஒரே உடம்பின் இரண்டு கைவிரல்கள்.

பிறகு பேரரசு விமானத் தபால் திட்டம் வந்தது. சாம்ராஜ்யத்துக்குள் எங்கே எழுதினாலும் அரை அவுன்ஸுக்கு ஒன்றரைப் பென்ஸ். 1937 ஜூனில் தென்னாப்பிரிக்கத் தடத்தில் தொடங்கி, 1938 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நீண்டது. அந்தத் திட்டத்தின் கீழ்தான் 1938 பிப்ரவரி 28ஆம் தேதி டாட்டாவின் வாக்கோ விமானம், இரட்டைச் சிறகு, ஒற்றை எஞ்சின், ரத்மலானையில் இறங்கியது. கராச்சி–கொழும்பு தடத்தின் கடைசித் துண்டு திருச்சியிலிருந்து கடலைத் தாண்டுவது.

அந்தத் தடத்தின் நிழல் விழும் இடத்தில் தரையில் நடந்துகொண்டிருந்தது வேறு. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் தனுஷ்கோடி வரை போயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 35 கிலோமீட்டர் கப்பல். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகள் அதில் நேராக ஏறிவிட முடியாது. மண்டபம் முகாமில் அவர்களை நிறுத்தினார்கள். மருத்துவச் சோதனை, தடுப்பூசி, தொற்று இல்லை என்று தெரியும்வரை காவல். இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் வைத்திருந்த முகாம் அது. கடிதத்துக்கு இந்தக் கடல் சில மணி நேரம். மனுஷனுக்கு நாள்கணக்கு, அதற்கு மேல் கங்காணியிடம் பட்ட கடன். நான் வங்கியில் எழுத்தன். பணம் கடல் கடக்கும் வேகமும் ஆள் கடல் கடக்கும் வேகமும் ஒன்றல்ல என்பது என் மேஜைமேல் தினமும் தெரிகிற சங்கதி. அந்த வித்தியாசம் முதன்முதலாக வானத்தில் எழுதப்பட்டது 1938இல், இந்தக் கரைக்கு மேலே.

ஆப்பிரிக்காவிலும் இப்படித்தான். வில்சன் ஏர்வேஸ் விமானங்களுக்குக் கீழே ஓடிய உகாண்டா ரயில்பாதையை 1896க்கும் 1901க்கும் இடையில் போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட சுமார் 32,000 கூலிகள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே செத்தார்கள். அவர்களுக்கும் முன்பே, 1860இல், ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை நேட்டாலுக்கு ஏற்றிப்போய்விட்டது. ஆப்பிரிக்காவின் ஒதுங்கிய பகுதிக்கு முதலில் போன தமிழன் கரும்பு வெட்டப் போனவன். அவனுடையது கலத்திற் பிரிவு.

4

சிறு விமானத்தையும் ஆப்பிரிக்காவையும் சேர்த்து எழுதிய ஐரோப்பியர்களை நாம் படித்திருக்கிறோம். படித்த விதத்தில்தான் கோளாறு.

ஐசக் டினேசனின் ஆப்பிரிக்க நூல் 1937இல் வந்தது. அதில் டெனிஸ் ஃபின்ச் ஹாட்டனோடு அவர் விமானத்தில் பறக்கும் பக்கங்கள் பிரசித்தம். நிலம் கடவுளுக்குத் தெரிவதுபோல் அவருக்குத் தெரிகிறது. 1931 மே மாதம் வோய் என்ற இடத்தில் அந்த ஜிப்ஸி மாத் விழுந்து ஃபின்ச் ஹாட்டன் செத்தார். கூடவே செத்தவன் காமாவ் என்ற கிக்குயு வேலைக்காரன். ஒருவருக்கு மலைமேல் சமாதி, இலக்கியம், பிறகு ஹாலிவுட் சினிமா. மற்றவனுக்கு ஒரு வாக்கியத்தின் பின்பாதி. மேலிருந்து பார்க்கும் கண் யாரைப் பார்க்கத் தவறுகிறது என்பதற்கு இதைவிட ஸ்தூலமான சான்று வேண்டாம். கூடவே, அதே விமானத்தில், உட்கார்ந்திருந்தவனைத் தவறவிட்டிருக்கிறது.

செந்த் எக்ஸுபெரி வேறு மாதிரி. துலூஸிலிருந்து காஸபிளாங்கா, டக்கார் என்று தபால் சுமந்தவர். 1927-28இல் ஸ்பானிய சஹாராவின் ஜூபி முனையில் நிலையப் பொறுப்பாளராகத் தனியே இருந்தவர். அவருடைய வீர வழிபாடு எனக்கு ஒத்துவராது. தபாலின் பொருட்டு உயிரைக் கொடுப்பது உன்னதம் என்று அவர் சொல்லும்போது, அந்தப் பையில் என்ன கடிதம் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் 1939இல் வெளிவந்த அவருடைய பாலைவன நூலில் பார்க் என்கிற அடிமையின் கதை வருகிறது. மராகேஷில் குடும்பத்தோடு இருந்தவன், பிடித்துப்போய் அடிமையாக்கப்பட்டவன். விமானிகள் பணம் சேர்த்து அவனை விலைக்கு வாங்கி விடுவித்துத் தபால் விமானத்தில் அகாதிர் வரை அனுப்புகிறார்கள். கையில் கொடுத்த பணத்தையெல்லாம் அவன் அங்கே தெருக் குழந்தைகளுக்குப் பொருள் வாங்கிக் கொடுத்தே தீர்த்துவிடுகிறான். விடுதலை அவனுக்கு மிதப்பாக இருக்கிறது; யாராவது தன்னைப் பற்றி இழுத்துத் தரையில் நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு வேண்டியிருக்கிறது. அந்த நூலில் விமானம் உண்மையில் ஒரு மனுஷனைக் கொண்டுசேர்ப்பது இந்த இடத்தில்தான். காமாவுக்குக் கிடைக்காத பக்கங்கள் பார்க்குக்குக் கிடைத்தன. ஐரோப்பிய நவீனத்துவத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன், இரவு வானத்தின் தனிமையை அல்ல.

நம் பக்கம் என்ன இருக்கிறது? கலத்திற் பிரிவுக்கு நவீன இலக்கியம் உண்டு, அதுவும் உயர்ந்த தளத்தில். புதுமைப்பித்தன் முப்பதுகளிலேயே ‘துன்பக் கேணி’யில் தோட்டக்காட்டுக்குக் கப்பலேறினவர்களை எழுதினார். ராமநாதபுரம் ஜில்லாக்காரரான ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் நூலாக வந்தது. தமிழன் கடல் கடந்து என்ன ஆகிறான் என்பதை அதற்குமேல் யாரும் கேட்டுவிடவில்லை. பயண நூல் என்றால் அதே ஜில்லாவின் கோட்டையூர்க்காரர் ஏ. கே. செட்டியார் இருக்கிறார், காந்தி படத்துக்காகத் தென்னாப்பிரிக்கா வரை போனவர். வெளிநாட்டில் வியந்து வாய்பிளக்காத உரைநடை அவருடையது. ஆப்பிரிக்காவைத் தமிழ்க் கதைக்குள் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணம் கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கம். சியாரா லியோனும் சோமாலியாவும் அவர் கதைகளில் வேலைக்குப் போன இடங்கள், அவ்வளவுதான். மர்மமோ சாகஸமோ பூசப்படவில்லை. இது பெரிய விஷயம். ஆனால் அவருடைய மனிதர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தவர்கள். ஈழத்தவரின் மற்ற எழுத்துக்களிலும் விமான நிலையம் நிறைய வருகிறது: பாஸ்போர்ட், ஏஜெண்டு, விசாரணை அறை. விமானம் வருவதில்லை. எழும்பியதற்கும் இறங்கியதற்கும் நடுவில் உள்ள மணிநேரங்கள் எழுதப்படாமல் கிடக்கின்றன.

5

எழுதப்பட வேண்டியதில்லை என்று யாராவது சொல்லலாம். இந்தக் கடல்மேல் நடந்தவற்றை வரிசையாக வைக்கிறேன்.

1947 டிசம்பரில் ஏர் சிலோன் பறக்கத் தொடங்கியது. முதல் தடம் ரத்மலானையிலிருந்து, போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட பலாலி தளம் வழியாக, சென்னை. கம்பெனியிடம் மூன்று டக்கோட்டாக்கள். அவற்றில் ஒன்றின் பெயர் சீதாதேவி. சேதுவைத் தாண்டும் விமானத்துக்குச் சீதையின் பெயரை வைத்தவர்கள் ரகுவம்சத்தை நினைத்தார்களோ இல்லையோ, காளிதாசன் எழுதியது அன்றிலிருந்து டிக்கெட் விலைக்குக் கிடைத்தது. பின்னால் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையிலும் விமானம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சினிமாவுக்கும் கோயிலுக்கும் தமிழ்நாட்டுக்கு வந்துபோன காலம் என்று மூத்த தலைமுறை பேசுவது இதைத்தான்.

1964 அக்டோபரில் சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். இரண்டு மாதத்தில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ராமேஸ்வரத்துக்கு வந்த ராமானுஜம் கப்பலில், தாத்தா கையில் முத்திரை குத்தி அனுப்பிய அதே மண்டபம் முகாமுக்குப் பேரன் திரும்பி வந்து சேர்ந்தான்.

1978 செப்டம்பர் 7ஆம் தேதி, பலாலியிலிருந்து வந்து ரத்மலானையில் நின்றிருந்த ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. பயணிகள் இறங்கியிருந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. 1983க்குப் பிறகு வானம் அடைபட்டது. தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் படகில் வந்தார்கள். மண்டபம் முகாம் மூன்றாம் முறை நிரம்பியது. காசு திரட்ட முடிந்தவர்கள் கொழும்பு வழியாக டொரண்டோவுக்கும் பாரிஸுக்கும் பறந்தார்கள். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை கலத்திற் பிரிந்தான், ஒரு பிள்ளை வானிற் பிரிந்தான். ஒருவன் முகாமில் வருகைப் பதிவுக்கு நிற்கிறான், ஒருவன் குடியுரிமை வாங்கிவிட்டான். பழைய உரைகாரன் வகுத்த வகை இன்று வர்க்கமாகிவிட்டது.

1987 ஜூன் 3ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து உணவும் மருந்துமாக இந்தியா அனுப்பிய படகுகளை இலங்கைக் கடற்படை நடுக்கடலில் திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் துணையோடு, யாழ்ப்பாணத்தின்மேல் அதைக் கொட்டின. பூமாலை என்று அதற்குப் பெயர். கலத்துக்கு மறுக்கப்பட்டது வானுக்குக் கிடைத்தது. அதற்கு முன்னும் பின்னும் அதே வானத்திலிருந்து மார்க்கெட்டி என்கிற சிறு விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. பயிற்சிக்காகச் செய்த விமானம் அது.

2007 மார்ச் 26ஆம் தேதி விடுதலைப் புலிகளின் ஸ்லின்-143 விமானங்கள் கட்டுநாயக்கவைத் தாக்கின. நான்கு பேர் உட்காரும் செக் நாட்டு விமானம். வாக்கோவின் அளவுதான் இருக்கும். 1938இல் கடிதம் ஏற்றிய அளவுள்ள பொறியில் அறுபத்தொன்பது வருஷம் கழித்துக் குண்டு ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் இதைப் பெருமையாகவோ பயங்கரமாகவோ பேசினார்கள். அந்த இருக்கையில் உட்கார்ந்தவன், விசயையைப் போல, தரையில் என்ன சத்தம் கேட்டான் என்று யாரும் கேட்கவில்லை. யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது.

அதே 2009இல் உச்சிப்புளியில் இந்தியக் கடற்படையின் விமானத்தளம் ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் பெற்றது. ஆளில்லா விமானங்களும் பின்னர் அங்கே வந்தன. புலவர் பாடும் புகழுடையவனுக்கு, ஓட்டுபவன் தேவைப்படாத வான ஊர்தி கிடைக்கும் என்பது புறநானூற்றுக் காலத்து நம்பிக்கை. இப்போது ஓட்டுபவன் இல்லாத ஊர்தி புகழில்லாதவன் படகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்கள் இந்தக் கடலில் போட்ட எல்லைக்கோடு மேலேயிருந்து பார்த்தாலும் தெரியாது, கீழேயிருந்து பார்த்தாலும் தெரியாது. வலை போடுகிறவன் பிடிபடும்போதுதான் தெரியும்.

2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு மறுபடி விமானம் போனது. நோய்த்தொற்றுக் காலத்தில் நின்று 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. 2025இல் திருச்சியும் சேர்ந்தது. அளவான விமானம்தான், ஏடிஆர் வகை. பத்திரிகைகள் நேரத்தையும் கட்டணத்தையும் போட்டன.

6

இவ்வளவும் ஒரு சிறு கரையின் தலைக்குமேல் நடந்தவை. இதில் ஒரு நாவலுக்கு உரியது இல்லை என்று சொல்கிறவன் நாவல் என்றால் என்னவென்று யோசித்ததில்லை.

ஏன் எழுதப்படவில்லை என்பதற்கு என்னால் சொல்லக்கூடிய காரணம் ஒன்று உண்டு. விமானம் என்றால் மேலிருந்து பார்ப்பது என்று நாம் பழகிவிட்டோம். புஷ்பகம் பழக்கிய கண் அது. டினேசனும் அதை உறுதி செய்தார். மேலிருந்து பார்ப்பதற்கு நமக்கு உரிமை இல்லை என்ற கூச்சமும், கிடைத்தால் அதைக் கொண்டாடிவிட வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்து, விமானத்தை ஒரு விடுமுறைச் சமாச்சாரமாக ஆக்கிவிட்டன. பயணக் கட்டுரைக்காரன் ஜன்னல் வழியே மேகத்தைப் பஞ்சு என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான்.

திருப்பாலைக்குடிக் கரையிலிருந்து பார்த்தால் விமானம் ஒரு சத்தம், ஒரு புள்ளி. கடலில் நிற்கிறவனுக்கு அது காவல். முகாமில் இருக்கிறவனுக்கு அது தம்பி போன வழி. எந்த ஆப்பிரிக்கக் கிராமத்திலும் 1931இல் அண்ணாந்து பார்த்தவனுக்கு அது இப்படி ஏதோ ஒன்றாக இருந்திருக்கும். அவன் பார்த்ததை டினேசன் எழுதவில்லை, எழுதியிருக்கவும் முடியாது. அதை எழுதக்கூடிய நிலையில் இருப்பவர்கள் நம்மைப் போன்ற கரைகளில் இருப்பவர்கள்தான். அப்படி எழுதத் துணிகிறவனுக்கு முன்னோடி தேடி பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. திருத்தக்கதேவர் ஒரு பெண்ணை ஒற்றை இருக்கையில் ஏற்றி, பொறியை அவள் கையில் கொடுத்து, முரசுச் சத்தத்தை அவள் காதில் விழவைத்து, சுடுகாட்டில் இறக்கியிருக்கிறார். அங்கிருந்து தொடங்கலாம்.